அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடம்

வணக்கம் ஐயா,

சென்னையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் திருவையாறு பக்கம். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு புகைப்படக் கலைஞரைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். முதலில் கார்ட்டியே பிரெஸ்ஸோன். ஆறு மாதம் எனக்கு எல்லாமே கறுப்பு வெள்ளை. அடுத்து ரகுபீர் சிங். உடனே வண்ணத்துக்கு மாறி, ஒரே ஃபிரேமில் கண்ணாடி, சைக்கிள், கதவு என்று அடைக்க ஆரம்பித்தேன். என் படம் என்று ஒன்றுகூட இல்லை. பொங்கல் லீவில் ஊருக்குப் போனாலும் எடுக்க ஒன்றும் இல்லை. வயல், வாய்க்கால், கோபுரம் எல்லாம் இன்ஸ்டாகிராமில் கொட்டிக் கிடக்கிறது. டிபிசியில், அதாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், நெல்லுக்குக் காவல் இருந்த அப்பாவுக்கு ராத்திரி சாப்பாடு கொண்டுபோனதோடு சரி. செலவுக்காகக் கல்யாண ஆர்டர்களில் செகண்ட் கேமரா போகிறேன். அது என் கண்ணைக் கெடுக்கிறதோ என்று பயம். நான் வளர்கிறேனா?

க.

அன்புள்ள க.,

காப்பியடித்ததற்கு இவ்வளவு வருத்தம் வேண்டாம். திருவையாற்றுக்காரருக்குத் தெரியாததா? குரு பாடியதை அப்படியே திருப்பிப் பாடித்தானே பாடாந்தரம் வருகிறது. ஆனால் நீங்கள் காப்பியடித்தது அவர்களுடைய படங்களை. வேலை செய்த விதத்தை விட்டுவிட்டீர்கள். பிரெஸ்ஸோன் பெரும்பாலும் ஒரு லைக்கா கேமரா, ஜூம் இல்லாத ஒரு 50 மிமீ லென்ஸோடு காலம் தள்ளியவர். கிட்டே வேண்டும் என்றால் நடந்து போக வேண்டும். கறுப்பு வெள்ளையை எடுத்துக்கொண்ட நீங்கள் அந்த நடையையும் எடுத்திருக்கலாம்.

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் தஞ்சாவூர். 1858இல் அங்கே லின்னேயஸ் டிரைப் வந்தார். ராணுவ கேப்டன், சென்னை ராஜதானி அரசின் புகைப்படக்காரர். பெரிய கோயிலின் விமானத்தை எடுத்ததோடு நிற்காமல், அதன் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டையும் எடுத்தார். கேமராவை நகர்த்தி நகர்த்தி வைத்து, பக்கத்துப் படத்தோடு எழுத்து பொருந்துகிற மாதிரி 21 படங்கள். ஒட்டினால் கிட்டத்தட்ட 19 அடி நீளம். நல்ல ஆங்கிள் தேடி அலைகிறவர் செய்கிற வேலையா அது? நம் ஆட்கள் இன்றைக்கும் கோயிலுக்குள் நுழைந்ததும் ஒரே இடத்தில் வரிசைகட்டி நின்று ஒரே படத்தை எடுத்துவிட்டு வருகிறார்கள். (இரண்டே வருஷத்தில், செலவு கட்டுப்படியாகாது என்று அரசு டிரைப்பின் வேலையை நிறுத்திவிட்டது. அது வேறு கதை.)

அப்புறம் பிராக் நகரத்து யோசெஃப் சுடெக். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். 1940 முதல் 1954 வரை தன் ஸ்டூடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். நீர் கோத்த கண்ணாடி, வெளியே ஒரு கோணல் மரம். எடுக்க ஒன்றும் இல்லை என்று எழுதினீர்களே, அதனால்தான் இவரைச் சொல்கிறேன்.

எடுக்க ஒன்றும் இல்லை என்ற கையோடு டிபிசியைப் பற்றி ஒரு வரி எழுதி, அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. சம்பா அறுத்துக் கொட்டிய குவியல், தார்ப்பாய், அது பறக்காமல் இருக்க ஓரமெல்லாம் கல். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்று பகலெல்லாம் காய வைத்தால், ராத்திரிப் பனி திரும்ப நனைத்துவிடும். பெரியவர்கள் நாலு நெல்லை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். நறுக்கென்று உடைந்தால் முகம் தெளியும். மறுநாள் ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் வரும் எண்ணை அதே முகம் எட்டிப் பார்க்கும். இன்ஸ்டாகிராமில் உள்ள டெல்டா பச்சையாகவே இருக்கிறது. நெல் பழுத்த பிறகு அதை யாரும் பின்தொடர்வதில்லை. நடவுக்கு வங்காளத்திலிருந்து வருகிற ஆட்களையும் அதில் காணோம்.

ஒரு எச்சரிக்கை. கேமராவைப் பார்த்ததும் டிவிக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் அப்பா அடுத்த போகத்துக்கும் அங்கேதான் நெல் போட வேண்டும். அவரிடமும் சுற்றியிருப்பவர்களிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். உடனே எங்கேயும் போட வேண்டாம். ஃபிளாஷும் வேண்டாம், அங்கே இருக்கிற பல்பு போதும்.

கல்யாண ஆர்டரை விடாதீர்கள். தாலி கட்டுவதற்கு ரீடேக் கிடையாது. கெட்டிமேளம் சொல்வதற்கு முன்பே யார் எந்தப் பக்கம் குனிவார்கள், எந்த மாமா குறுக்கே வருவார் என்று கணக்குப் போட்டு நிற்கப் பழகியிருப்பீர்கள். தெரியாதவர் முகத்துக்கு மூன்றடியில் நிற்கிற கூச்சமும் போயிருக்கும். எந்தக் கல்லூரியிலும் இதைச் சொல்லித்தர முடியாது. முகத்தை மழுமழுவென்று ஆக்கும் எடிட்டிங்கை மட்டும் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வளர்கிறீர்களா என்பதைப் படம் பார்க்காமல் எப்படிச் சொல்வது? குறுவை கொள்முதல் தொடங்கியதும் லென்ஸை மாற்றாமல் ஒரு வாரம் அப்பாவோடு இருங்கள். அடுத்த தை மாதமும் அதே இடம். நல்லதாகப் பொறுக்கி அனுப்ப வேண்டாம், மொத்தத்தையும் அனுப்புங்கள். நீங்கள் எதைக் கழிக்கிறீர்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும். ரா ஃபைல் மட்டும் வேண்டாம், எங்கள் ஊர் நெட் தாங்காது.