15 வயது மகன் தடுப்பில்: எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

கேள்வி: தண்ணீர் மோட்டர் திருடியதாக முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பில் என் 15 வயது மகனைப் பொலிஸ் பிடித்தது. இரண்டு தவணை போயும் விடவில்லை. எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? வழக்கை எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும்?

பதில்: இலங்கையின் 1939 ஆம் ஆண்டுச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் தீர்ப்புக்கு நாட்கணக்கில் கெடு வைக்கவில்லை. திட்டமான எல்லை 1997 இன் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தில்தான் இருக்கிறது. தீர்ப்பில்லாமல் ஒருவரைக் கைதான நாளிலிருந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் மூன்று மூன்று மாதமாக இன்னும் 12 மாதம் வரை நீட்டலாம். பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு இது மிக நீண்ட காலம். இந்தக் கெடுவை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அதே சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது. மோட்டர் திருட்டில் நீதவானே பிணை கொடுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்தக் கட்டளையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த தவணை வரை இருக்கத் தேவையில்லை, சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் போட்டு வழக்கை முன்னதாக அழைப்பிக்கலாம். கட்டணம் கட்ட வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். சாதாரணதரப் பரீட்சை நெருங்கினால் அனுமதி அட்டையையும் நகர்த்தல் பத்திரத்தோடு இணையுங்கள்.

பெரும்பாலும் இழுபடுவது, பிள்ளையின் பின்னணி பற்றி நன்னடத்தை உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கையால்தான். அவர் வீடு, பாடசாலை, கிராம அலுவலர் என்று விசாரிக்க வேண்டும். வீடு மாறியிருந்தாலோ தொலைபேசி இலக்கம் பிழையாக இருந்தாலோ, அறிக்கை வராமலே தவணை போய்விடும். நீங்களே அவரைத் தேடிப்போய் இப்போதைய முகவரியையும் அதிபரின் பெயரையும் கொடுங்கள்.

அடுத்தது வயது. போரால் இடம்பெயர்ந்திருந்த நாட்களில் பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பிறப்புப் பதிவே பிந்தித்தான் நடந்தது. பத்திரம் இல்லையென்றால் பொலிஸ் அறிக்கையில் வயது கூடுதலாக எழுதப்படலாம், அதனால் பிள்ளை பெரியவர்களோடு அடைபடும் ஆபத்து உண்டு. பிறப்புச் சான்றிதழையோ, அது இல்லாதவருக்குத் தரப்படும் உத்தேச வயதுச் சான்றிதழையோ உடனே நீதிமன்றத்தில் காட்டுங்கள். பிணை கிடைக்காத பிள்ளையைச் சிறுவர் தடுப்பு இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அடக்க முடியாதவனை அங்கே வைக்கத் தேவையில்லை என்ற விலக்கைச் சொல்லிச் சிறைக்கு அனுப்பினால், அதற்கு என்ன ஆதாரம் என்று சட்டத்தரணி அன்றே கேட்கவேண்டும்.

"ஒப்புக்கொண்டால் இன்றே முடிந்துவிடும்" என்று யார் சொன்னாலும், சட்டத்தரணியோடு பேசாமல் தலையாட்ட விடாதீர்கள். குற்றவாளி என்றானபின், குற்றம் செய்த பிள்ளைகளைத் தடுத்துவைத்துப் பயிற்றும் சான்று பெற்ற பாடசாலைக்கு அனுப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.

பிணைக்கட்டளை கிடைத்தும் பிள்ளை திரும்பத் தடுப்புக்குப் போவது பிணையாள் இல்லாததால். சரீரப் பிணைக்கு, அதாவது பிள்ளைக்குப் பொறுப்பு நிற்க, இரண்டு பேரைக் காலையிலேயே முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போங்கள். அடையாள அட்டையும், கிராம அலுவலர் தந்து பிரதேச செயலகம் உறுதிப்படுத்திய வதிவிடச் சான்றிதழும் அவர்கள் கையில் இருக்கட்டும்.