பாறைச் சரிவுகளைத் தொலைவிலிருந்து கண்காணித்தல்: கேள்வி பதில்

கேள்வி: செயற்கைக்கோள் ரேடாரே மில்லிமீட்டர் அளவில் நகர்வைக் காட்டும்போது, சரிவுக்கு எதிரே தனியாக ஒரு ரேடார் எதற்கு?

பதில்: சென்டினல்-1 வகைச் செயற்கைக்கோள் ஒன்று அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள்கள் ஆகும். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் ஊரும் சரிவுகளை ஒரு மலைத்தொடர் முழுவதிலும் தேட அது போதும். நகர்வு வேகமெடுத்துவிட்டால், அதன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 செ.மீ. மட்டுமே என்பதால், அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே கணக்கு குழம்பிவிடும். வடக்கு தெற்காக நகர்வதோ அதன் கண்ணில் அநேகமாகப் படுவதே இல்லை. தரை ரேடார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும். ஆயினும் அதுவும் தன் பார்வைக் கோட்டின் திசையிலான நகர்வை மட்டுமே அறியும். எனவே எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம்.

கேள்வி: எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும்?

பதில்: எல்லாச் சரிவுக்கும் பொருந்தும் அப்படியோர் எண் கிடையாது. மொத்த நகர்வைவிட வேகம் எப்படி மாறுகிறது என்பதையே பார்க்க வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ 1985இல் முன்வைத்த முறையில், வேகத்தின் தலைகீழ் மதிப்பை நாள்வாரியாக வரைகிறோம். இன்று நாளொன்றுக்கு 10 மி.மீ., நான்கு நாள் கழித்து 20 மி.மீ. என்றால், மதிப்பு 0.1இலிருந்து 0.05 ஆகிறது, அதே நேர்கோடு நீண்டால் அடுத்த நான்கு நாளில் சுழியைத் தொடும், அதுவே சரிவு விழக்கூடிய நாள். மழை பெய்தால் கோடு வளையும் என்பதால், ஒவ்வோர் அளவீட்டுக்குப் பின்னும் புதிதாக வரைய வேண்டும்.

இத்தாலியின் வயோன்ட் அணையில் அளவீடுகளுக்குக் குறைவில்லை. நீர்மட்டத்தை உயர்த்தினால் சரிவு விரைந்தது, தாழ்த்தினால் தணிந்தது. ஆகவே அதைக் கட்டுப்படுத்த முடியும் என்று நம்பினார்கள். 1963 அக்டோபர் 9 அன்று சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை நீர்த்தேக்கத்தில் விழுந்து, எழுந்த அலையில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். மாறாக, 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பிங்காம் கேன்யன் சுரங்கச் சுவர் பெருமளவில் சரிந்தபோது, கண்காணிப்பை நம்பி முன்கூட்டியே ஆட்களை விலக்கியிருந்ததால் எவருக்கும் காயமில்லை. கருவி காட்டியதை எப்படிப் படித்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது என்பேன்.

கேள்வி: லேசர் வருடல் (பாறை முகத்தை லேசரால் புள்ளி புள்ளியாக அளத்தல்) தரவைக் கொண்டு கணக்கிட்டதில் பாதுகாப்புக் காரணி, அதாவது பாறையைத் தாங்கும் விசைக்கும் சரியவைக்கும் விசைக்கும் உள்ள விகிதம், 1.3 வந்தது. போதுமா?

பதில்: பிளவினுள் எவ்வளவு நீரழுத்தம் வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பிளவுத் தளம் சரிவின் முகத்தைவிடச் சாய்வு குறைந்தும், உராய்வுக் கோணத்தைவிட (உராய்வு மட்டுமே பாறையைப் பிடித்து நிறுத்தக்கூடிய அதிகபட்சச் சாய்வைவிட) மிகுந்தும், வெளிநோக்கி இறங்கினால் பாறை வழுக்க வாய்ப்புண்டு. இதை லேசர் புள்ளிகளிலிருந்தே அறியலாம். அந்தப் பிளவு உள்ளே எவ்வளவு தூரம் ஓடுகிறது, அதில் நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பவை வெளியிலிருந்து தெரியா. துளையிட்டு பீசோமீட்டர் (நீரழுத்தம் அளக்கும் கருவி) பொருத்தாமல் வந்த 1.3ஐ நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: விரிசல்மானி இரவில் விரிவையும் பகலில் சுருக்கத்தையும் காட்டுகிறது. பழுதா?

பதில்: இல்லை. குளிரில் பாறை சுருங்குவதால் விரிசல் அகலும், வெயிலில் மூடும். வெப்பநிலையையும் உடன் பதிந்து, ஒரே நேரத்து அளவுகளை ஒப்பிடுங்கள்.

கேள்வி: தனிக் கற்கள் உருண்டு விழுவதையும் முன்னறியலாமா?

பதில்: பெரும்பாலும் இயலாது. சிறு கல் முன்னசைவு ஏதுமின்றியே உடைந்து விழலாம். அங்கே வலையும் தடுப்பும் கட்டி, அடிவாரத்தில் ஆள் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள்.