கிழிந்த இடத்துக்கு நூல் எதற்கு?

கேள்வி: டாக்டர், எனக்கு ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். வயது 29. வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்து 5 மாதம் ஆகிறது. அப்போதிருந்தே வெளிக்குப் போகும்போது கண்ணாடித் துண்டு அறுப்பதுபோல் வலிக்கிறது. போய் வந்தபிறகும் ஒரு மணி நேரம் எரிகிறது. சிவப்பாகச் சொட்டு ரத்தம் வரும். மெடிக்கலில் மூலம் என்று களிம்பு கொடுத்தார்கள், கேட்கவில்லை. இப்போது ஒருவர் 12,000 ரூபாய் கொடுத்தால் நூல் கட்டி ஒரே நாளில் சரிசெய்வதாகச் சொல்கிறார். ஆபரேஷன் இல்லாமல் ஆயுர்வேதத்தில் குணமாகுமா?

பதில்: முதலில் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், தங்கச்சி.

நீங்கள் சொல்லும் வலி மூலத்தின் வலி போல இல்லை. ஆசனவாய் ஓரத்தில் தோல் கிழிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. வெடிப்பு என்போம். ஆயுர்வேதத்தில் இதற்குப் பரிகர்த்திகை என்று பெயர், கத்தரித்து எடுப்பது போன்ற வலி என்று அர்த்தம். உள்மூலத்தில் ரத்தம் போகும், வலி பெரும்பாலும் இருக்காது. வெடிப்பில் ரத்தம் கொஞ்சம்தான், வலியோ உயிர்போகும். நாள்பட்ட வெடிப்பின் நுனியில் சின்னதாகத் தோல் தடித்துத் தொங்கும். அதைத் தொட்டுக் காட்டித்தான் "பார்த்தியா, மூலம்" என்று பயமுறுத்துகிறார்கள்.

நூல் கட்டுவது நல்ல வைத்தியம், ஆனால் அது ஆசனவாய் அருகே சீழ்ப்புரை ஓடும் பௌத்திரத்துக்கு. கள்ளிப்பாலும் நாயுருவி உப்பும் மஞ்சளும் ஏற்றிய காரநூலைப் புரைக்குள் கோத்துவிட்டால், அது நாள்பட அறுத்துக்கொண்டே ஆற்றும். உங்களுக்குப் புரையே இல்லாதபோது நூலை எதில் கோப்பார்கள்? கிழிந்த புண்ணில் அந்தக் காரநூலை வைத்தால் புண் பெரிதாகும், ஆறும்போது ஆசனவாய் சுருங்கிப்போகும். அப்படிச் சுருங்கி, மலம் குச்சியாக வரும் நிலையில் என்னிடம் வந்தவர்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "மூலம், பௌத்திரம், ஊசி இல்லை, கத்தி இல்லை" என்று எழுதி வைத்திருப்பவர்களில் எத்தனை பேரிடம் பதிவு எண் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆள் கூட்டிவந்து விடுகிறவருக்கும் அந்தப் பணத்தில் பங்கு உண்டு. பெயர் ஒட்டாத பொட்டலச் சூரணத்தையும் வாங்காதீர்கள். பலவற்றில் நிலவாகைதான் இருக்கும். இரண்டு நாள் இளகிப் போகும், பிறகு அது இல்லாமல் குடல் அசையாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் கலந்திருக்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும்.

புண் ஏன் ஆறவில்லை? வலிக்குப் பயந்து அடக்குகிறீர்கள். அடக்கினால் மலம் இறுகும், இறுகியது மறுபடி அதே இடத்தைக் கிழிக்கும். அதனால் மலத்தை இளக்குவதுதான் மருந்து. ராத்திரி ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் இசப்கோல் உமியைக் கலந்து உடனே குடியுங்கள், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். பால் கொடுக்கும் தாய்க்கு இதில் பயமில்லை. திரிபலாவையும் நிலவாகையையும் இப்போது நீங்களாக எடுக்க வேண்டாம். விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்குப் போவதும் வேண்டாம், பேதியும் புண்ணைக் கிழிக்கும்.

வெளிக்குப் போய்வந்ததும், படுக்கப்போகும் முன்பும், அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். டெட்டால், படிகாரம் எதுவும் போடாதீர்கள், வெறும் வெந்நீர் போதும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு ஜாத்யாதி தைலம் ஒரு சொட்டு வெளிப்புறம் தடவலாம். நம் ஊர்ப் பிச்சியின் இலையும் வேப்பிலையும் மஞ்சளும் சேர்ந்த எண்ணெய் அது, மயில்துத்தமும் உண்டு. பிள்ளையைத் தூக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மடியில் தட்டை வைத்தால் ஆயிரம் பீடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். எழுந்தால் கணக்குக் குறையும், தண்ணீர் குடித்தால் எழுந்திருக்க வேண்டும். அதனால்தான் பீடி சுற்றும் பெண்களிடம் இந்த நோயை இவ்வளவு பார்க்கிறேன். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுக்கு ஒரு வாய் குடியுங்கள். ராத்திரி புரோட்டாவை விடுங்கள். முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பனங்கிழங்கு, நாட்டுப்பழம் எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் என்று காயும் தண்ணீரும் தராமல் வெறும் பூண்டுக் குழம்பும் சோறும் போடுவதை உங்கள் வீட்டில் இன்னும் தொடர்ந்தால், மாமியாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

இனி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெடிப்பு வந்த பெரும்பாலானவர்களுக்கு ஆசனவாயை மூடிவைக்கும் உள்சுருக்குத் தசை இறுகிப்போய் ரத்த ஓட்டம் குறையும். அதனால்தான் ஆறாத வெடிப்புக்கு டில்டியாசெம் களிம்பு தடவித் தசையைத் தளர்த்துவார்கள், அதற்கும் கேட்காவிட்டால் தசையில் சிறு பகுதியை வெட்டிவிடுவார்கள். நல்ல சிகிச்சைதான், சித்த வைத்தியனான நானே அனுப்பி வைத்திருக்கிறேன். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வரும் வெடிப்பில் பல நேரம் தசை இறுகியே இருக்காது. பிள்ளை வந்த வழியில் அது ஏற்கெனவே தளர்ந்தோ கிழிந்தோ இருக்கலாம். அதைப் போய் வெட்டினால் பிறகு காற்றையும் மலத்தையும் அடக்க முடியாமல் போகலாம். 29 வயதில் அப்படி ஆகக் கூடாது. அதனால் யாராவது ஆபரேஷன் என்று சொன்னால், தசையின் பலத்தைச் சோதித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பிரசவத்தில் தையல் போட்டிருந்தால் அதையும் நீங்களே சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் என்று ஓடும் ஓ.பி.யில், திரைகூட இல்லாத மேஜையில், எந்தப் பெண் காட்டுவாள்? பார்க்காமலேயே மூலம் என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். இத்தனை வருஷமாகச் சொல்லியும் ஒரு திரை தொங்கவிட முடியவில்லை, எனக்கு ஆறவே இல்லை.

ஐந்து மாதம் ஆகிவிட்டதால் ஒருமுறை நேரில் காட்டத்தான் வேண்டும். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. பஸ்ஸில் போய்விடலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். காய்ச்சல், சீழ், கறுப்பு ரத்தம், உடம்பு மெலிவது இவற்றில் ஏதாவது இருந்தால் நாளைக்கே போய்விடுங்கள். இல்லையென்றால் இன்று ராத்திரியே வெந்நீரையும் உமியையும் ஆரம்பியுங்கள். பலருக்குச் சில வாரங்களில் வலி குறையும். குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள், எட்டு வாரம் ஒருநாள் விடாமல் செய்யுங்கள். டாக்டரிடம் போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையின் அட்டையையும் காட்டுங்கள். அதுவும் மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், வேறு வகைக்கு மாற்றித் தருவார்கள்.