கூரைக்குக் கீழே பறக்கும் விமானங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனில் குளிர்கால மாலைகளில், பள்ளி விளையாட்டுக்கூடங்களுக்குள் சிறு மாதிரி விமானங்களை ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கவிடும் கிளப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை விடை எழுதுகிறேன்.

பதினொரு வயது மகனின் பிறந்தநாளுக்கு ஒரு விமானம் வாங்கிக் கொடுத்தோம். இறகு 60 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம்; மொத்த எடை 160 கிராம். ஓர் ஆப்பிளின் எடைதான். ஆனால் கிளப்பில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர், "இது திடலுக்கு உரியது, உள்ளே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மகன் அழுதுகொண்டே வீடு திரும்பினான். இவ்வளவு கண்டிப்பு தேவைதானா? – ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

மகனின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அவர் செய்தது சரிதான். விமானத்தை ஆப்பிளோடு ஒப்பிட்டால் 160 கிராம் அற்பமாகத் தெரியும். கிளப்புகளில் அதே அளவு இறகோடு பறக்கும் மாதிரிகளின் எடை 40 கிராம் அளவில், அதாவது ஐந்து பவுன் நகையின் எடையில் இருக்கும். உங்களுடையது இருபது பவுன். இந்த வேறுபாடு பறத்தலில் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

ஒரு விமானம் விழாமல் இருப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம், இறகின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்பதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இதே இறகில் 40 கிராம் ஏறினால் விநாடிக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் வேகம் போதும். மெல்ல ஓடுகிற ஒருவர் அதனோடு சேர்ந்து ஓடலாம். 160 கிராம் ஏறினால் வேகம் இரட்டிப்பாகி விநாடிக்கு ஆறரை மீட்டரை நெருங்கும். கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். இலேசான விமானம் அதைக் கடக்க ஒன்பது விநாடி எடுத்துக்கொள்ளும், உங்கள் மகனுடையது நான்கு விநாடிகளில் எதிர்ச்சுவரில் இருக்கும். திரும்புவது இன்னும் பெரிய சிக்கல். 30 பாகை சாய்ந்து திரும்பும்போது இலேசானது இரண்டு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அடங்கிவிடும். கனமானதற்கு எட்டு மீட்டருக்கு மேல் வேண்டும். அந்த வட்டத்தின் விட்டம் 16 மீட்டரைத் தாண்டுகிறது, ஆனால் ஆடுகளத்தின் அகலமோ 15 மீட்டர்தான்!

எடை நான்கு மடங்கு, வேகம் இரண்டு மடங்கு என்றால் மோதும் ஆற்றல் பதினாறு மடங்காகும். இலேசான மாதிரி சுவரில் மோதினால் பெரும்பாலும் சருகுபோலக் கீழே இறங்கும். எடுத்து மறுபடியும் பறக்கவிடலாம். கனமானது மூக்கை உடைத்துக்கொள்ளும், யாருடைய முகத்திலாவது பட்டால் காயமும் ஏற்படுத்தும். அந்த விமானத்தை விற்றுவிட வேண்டியதில்லை. வசந்தம் வந்ததும் திடலுக்கு எடுத்துச் செல்லுங்கள். கூடத்திற்காக வேறொன்று வாங்குவதானால், கடைக்காரரிடம் விலைக்கு முன்பாக எடையைக் கேளுங்கள். 20 கிராமை ஒட்டிய, பறக்கத் தயாரான மாதிரிகளே கிடைக்கின்றன. நீண்ட நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரியை மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. விமானம் சற்றுக் கூடுதல் நேரம் பறந்தது உண்மை. முன்னைப்போல மெதுவாகப் பறக்கவில்லை என்பதும் உண்மை.

திடலில் பறக்கவிடுவதற்குப் போலவே, கட்டடத்துக்குள் பறக்கவிடவும் டிரோன் விதிகளின்படி பதிவும் தேர்வும் வேண்டுமா? – ஒரு வாசகர், குரோய்டன்

வேண்டியதில்லை. விமானம் வெட்டவெளிக்குத் தப்பிச் செல்ல வழியில்லாத மூடிய இடத்துக்கு, பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் டிரோன் விதிகள் பொருந்தா. காப்பீடு வேறு விஷயம். கூடத்தை வாடகைக்கு விடுவோர் அதைக் கேட்பது இயல்பு. 1922-இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மாதிரி விமானச் சங்கத்தின் உறுப்பினர் கட்டணத்திலேயே பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அடங்கிவிடுவதால், பல கிளப்புகள் அந்த உறுப்பினர் அட்டையைக் கேட்கும்.

விமானம் என்னைவிட்டு விலகிப் போகும்போது நன்றாக ஓட்டுகிறேன். என்னை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகிவிடுகிறது, கை குழம்புகிறது. ஐம்பத்தெட்டு வயதில் இது பழகுமா? – ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம்

பழகும். எதிரே வரும் விமானத்தைப் பார்க்கும்போது இடம் வலம் என்று யோசிக்கவே வேண்டாம். எந்தப் பக்க இறகு தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கம் கட்டுப்பாட்டுக் கருவியின் ஸ்டிக்கைத் தள்ளுங்கள்; சரிகிற பந்தலுக்கு அந்தப் பக்கம் முட்டுக்கொடுப்பதுபோல நினைத்துக்கொண்டால் கை தானாக நகரும். அதைவிட எளிய வழி, குழப்பம் எழாத இடத்தில் நிற்பது. எங்கள் கிளப்பில் ஓட்டுபவர்கள் கூடத்தின் நடுவில் சேர்ந்து நிற்பார்கள். விமானங்கள் அனைத்தும் அவர்களைச் சுற்றி ஒரே திசையில் வட்டமிடும். இடப்பக்கச் சுற்று என்றால் விமானத்தின் இடப்புற இறகு எப்போதும் உங்களை நோக்கியே இருக்கும். உங்களிடம் இழுக்க இடம், விலக்க வலம், அவ்வளவுதான். முதல் சில வாரங்கள் அந்த வட்டத்தைவிட்டு வெளியேற முயலாதீர்கள்.

உயரத்தை எலிவேட்டரால், அதாவது மூக்கை நிமிர்த்தும் வால் மடலால், இழுத்து ஏற்றுவதும் தொடக்கநிலையில் செய்யும் பிழையே. மூக்கு நிமிர நிமிர வேகம் குறைந்து விமானம் தொய்ந்துவிடும். ஏற, மோட்டாரின் வேகத்தை மாற்றும் த்ராட்டிலைச் சற்றுக் கூட்டுங்கள், இறங்கக் குறையுங்கள். மோதப்போகிறது என்று தெரிந்த கணத்தில் மோட்டாரை நிறுத்துவதை மட்டும் யோசனையின்றிச் செய்யும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யத் தவறிய ஒரு மாலையில், என் விமானம் கூரை உத்திரத்தில் ஏறிச் செருகிக்கொண்டு, பேட்டரி தீரும்வரை அங்கேயே ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

1980-களில் எரிபொருள் இயந்திரம் பூட்டிய விமானங்களைத் திடலில் ஓட்டியவன் நான். அன்று கூடத்துக்குள் ரேடியோ விமானம் என்றால் சிரித்திருப்போம். இடையில் என்னதான் நடந்தது? – ஒரு வாசகர், கவென்ட்ரி

கூடத்துக்குள் பறத்தல் அன்றும் இருந்தது. அதில் ரேடியோதான் அரிதாக இருந்தது. 1871-இல் பாரிஸ் துய்லெரி பூங்காவில் அல்ஃபோன்ஸ் பெனோ, முறுக்கிய ரப்பரால் இயங்கும் தன் மாதிரியைப் பதினொரு விநாடி பறக்கவிட்டார். அந்த ரப்பர் மரபின் உச்சம் இன்று எஃப்-1-டி எனப்படும் பன்னாட்டுப் போட்டி வகை: ரப்பர் நீங்கலாக 1.4 கிராம்தான் குறைந்தபட்ச எடை, பத்துப் பன்னிரண்டு குன்றிமணி கனம். அது நன்றாக அமைந்தால் அரைமணி நேரம்கூடக் காற்றில் நிற்கும். அதற்குக் காற்றசையாத பெரிய இடம் வேண்டும் என்பதால், ஆர்-101 வான்கப்பலைக் கட்டிய பெட்ஃபோர்ட்ஷயரின் கார்டிங்டன் கொட்டகையையும், ருமேனியாவில் ஸ்லனிக் ஊரின் உப்புச் சுரங்கத்தையும் நாடிப் போனார்கள்.

ரேடியோ விமானத்தைத் தடுத்தது நிக்கல்-காட்மியம் பேட்டரியின் கனம். ஒரு கலத்தில் 1.2 வோல்ட்தான் கிடைக்கும். லித்தியம் பாலிமர் கலம் ஒன்றே 3.7 வோல்ட் தருவதோடு எடையிலும் மிகக் குறைவு. கைப்பேசிகளில் பரவிய அந்தப் பேட்டரியோடு, நகத்தளவு மோட்டாரும், மடல்களை அசைக்கும் சர்வோவும், 3 மி.மீ. தடிப்பில் சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவே இருக்கும் டெப்ரான் நுரைத்தகடும் சேர்ந்தபோது கூடத்தின் கதவு திறந்தது. உங்களுக்கு 35 மெகாஹெர்ட்ஸ் காலம் நினைவிருக்கும்: ஒரே சேனலில் இருவர் சுவிட்சைப் போட்டால் ஒருவருடையது நிச்சயம் விழும், அதனால் யார் எந்தச் சேனலில் என்று காட்டப் பலகையில் குச்சி செருகி முறை காத்திருப்போம். சேனலை நாமே பங்கிட வேண்டியிராத 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அந்தக் காத்திருப்பை ஒழித்தது. முறை காத்திருக்கும் வேளையில் நடக்கும் அரட்டையும் அதோடு போனது என்பது என் தனிப்பட்ட குறை.

பழைய பழக்கத்தில் சாதாரண சூப்பர் க்ளூவைக் கையில் எடுத்துவிடாதீர்கள். அது டெப்ரானைக் கரைத்துவிடும். நுரைக்கென்றே விற்கும் பசையை வாங்குங்கள், அதையும் துளித்துளியாக வையுங்கள். பசைக்கும் எடை உண்டு.

மதுரையில் எங்கள் பள்ளிக்கு மூன்று பேட்மின்டன் ஆடுகளம் கொண்ட கூடம் இருக்கிறது. மாணவர்களோடு தொடங்கலாமா? – ஓர் ஆசிரியர், மதுரை

தாராளமாகத் தொடங்கலாம். ஓர் ஆடுகளம் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் உடையது. மூன்றும் அருகருகே இருந்தால் 20 கிராம் விமானத்துக்கு நிறைய இடம். மின்விசிறிகளை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். இந்த எடையில், சன்னல் வழியாக வரும் மெல்லிய காற்றுகூட விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். முதலில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் ஓட்டட்டும், மற்றவர்கள் சுவரோரம் உட்காரட்டும். பேட்டரிகளை ஆள் இருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்யுங்கள், முழுதும் வடியவிடாதீர்கள், உப்பிப்போனதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விமானத்தையோ பேட்டரியையோ ஒருபோதும் வைக்காதீர்கள். இறகு வளைந்துவிடும், பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும்.