ஃபில்டர் போட்டதும் படகு மறைகிறதா?

கடலில் 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு மிதவைகள், அவற்றில் 7.5 கிகாஹெர்ட்ஸ் முன்சிதறல் ரேடார் (ஒரு மிதவை சிக்னல் அனுப்ப, மற்றது வாங்கி, இடையே கடக்கும் படகைக் கண்டறியும்); கடல் அலை இரைச்சலை ஒழிக்க 5 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) போட்டால் ரப்பர் படகும் சேர்ந்து காணாமல் போகிறது என்கிறீர்கள். போகத்தான் செய்யும்.

முன்சிதறல் ரேடாரில் படகு இரு மிதவைகளின் நேர்கோட்டைக் கடக்கும் கணத்தில் டாப்ளர், அதாவது படகின் நகர்வால் சிக்னலில் வரும் அதிர்வெண் மாற்றம், பூஜ்யம். சிக்னல் மிக வலுவாக இருப்பதும் அப்போதுதான். உங்கள் அலைநீளம் 4 செ.மீ.; நட்டநடுவில் செங்குத்தாக வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கடந்தால் டாப்ளர் வினாடிக்குச் சுமார் 8 ஹெர்ட்ஸ் மாறும். ஆக, கடப்பதற்கு முன்னும் பின்னும் 0.6 வினாடி, நல்ல பகுதி முழுவதையும் நீங்களே வெட்டி எறிகிறீர்கள்.

அலை இரைச்சலின் பெரும்பங்கு பொதுவாக 1 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் கிடக்கும். படகே இல்லாத பதிவின் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்ற வரைபடத்தை) பார்த்து, அது சரியும் இடத்துக்கு ஃபில்டரை இறக்குங்கள். அப்புறம் பதிவைப் பல வேகங்களுக்கான சிர்ப் (அதிர்வெண் சீராக மாறிக்கொண்டே போகும் சிக்னல்) மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; உண்மையான லாபம் அங்கேதான்.

வினாடிக்கு 1.5 மீட்டரில் ஊர்ந்து வரும் படகு வேறு கதை. அதன் டாப்ளர் வினாடிக்கு 0.75 ஹெர்ட்ஸ்தான் மாறும், இரைச்சலுக்குள்ளேயே பதுங்கிவிடும். மிதவை ஆடுவதும் இதே அதிர்வெண்ணில்தான் விழும் என்பதால், அந்த ஆட்டத்தை அளந்து பிரித்தறிய ஒரு முடுக்கமானியையும் அதில் கட்டிவிடுங்கள்.