தொழில் கேளுங்கள்: படுக்கையா, தெளிப்பானா?

கேள்வி: நான் அழகுக்கலைப் பயிற்சி முடித்து, பிறரிடம் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள். சருமத்துக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் சிறிய டேனிங் சலூன் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்க விரும்புகிறேன். விளக்கொளியில் படுக்க வைத்து நிறமேற்றும் பழைய டேனிங் படுக்கைகள் இரண்டு மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கிவிடலாமா, அல்லது என் தோழி சொல்வதுபோல், கரைசலைத் தெளித்து நிறமேற்றும் ஸ்பிரே டேன் மட்டும் செய்தால் போதுமா?

பதில்: டேனிங் என்றதும் நமக்குத் தோல் பதனிடும் தொழில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, தங்கள் கடிதமும் எங்கள் மேசையில் சிறிது நேரம் தோல் தொழிற்சாலைக் கேள்விகளோடுதான் கிடந்தது. பழைய படுக்கைகளை வாங்க வேண்டாம். தங்கள் தோழி சொல்வதே சரி.

டேனிங் படுக்கையின் விளக்குகள் புற ஊதாக் கதிர்களை, பெரும்பாலும் ஏ வகையையும் சிறிதளவு பி வகையையும், வெளிவிடுகின்றன. இக்கதிர்கள் சருமத்தின் உயிரணுக்களைத் தாக்குவதால்தான் சருமத்துக்கு நிறம் தரும் மெலனின் கூடுகிறது. அதாவது, வாடிக்கையாளர் விரும்பும் அந்தப் பழுப்பு நிறம் ஏற்கெனவே நேர்ந்துவிட்ட பாதிப்புக்கு உடல் காட்டும் எதிர்வினை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009-இல் இந்தக் கருவிகளைப் புகையிலையும் கல்நாரும் இடம்பெற்றிருக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அந்தப் பிரிவு குறிக்கிறது. மூன்றின் ஆபத்தும் ஒரே அளவு என்பது அதன் பொருளன்று. அதே ஆண்டில் பிரேசில் அழகுக்காக இவற்றைப் பயன்படுத்துவதற்கு முழுத் தடை விதித்தது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் 2015 முதல் வணிக நிலையங்களை மூடின. பிரிட்டனும் ஜெர்மனியும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடை விதித்துள்ளன. தொடர்ந்து இறுகிவரும் சட்டத்துக்கு எதிர்த்திசையில் முதலீடு செய்வது முதல் தொழில் முயற்சிக்கு ஏற்றதன்று.

மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் இருக்கும். விளக்குகள் குறிப்பிட்ட மணி நேரத்துக்குப் பின் வலுவிழப்பதால் அவற்றை மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றும்போது கருவிக்குக் குறிப்பிடப்பட்ட வகையைவிட வலுவான விளக்கைப் பொருத்திவிட்டால், வழக்கமான நேரமே வாடிக்கையாளரின் சருமத்தைச் சுட்டுவிடும். பழைய கருவியில் எந்த விளக்கு இருக்கிறது, அதன் டைமர் சரியாக ஓடுகிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது.

ஸ்பிரே டேன் வேறு வகையைச் சேர்ந்தது. அதில் கதிர் இல்லை. டைஹைட்ராக்ஸி அசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ., என்ற நிறமற்ற சர்க்கரைப் பொருள் சருமத்தின் மேலடுக்கில் உள்ள இறந்த உயிரணுக்களின் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்பாகிறது. ரொட்டியை வாட்டும்போது அதன் மேற்பரப்பு சிவப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வினைதான். இந்தப் பண்பு கவனத்துக்கு வந்தது 1950-களில், நோயுற்ற குழந்தைகளுக்கு டி.எச்.ஏ. கரைசலை வாய்வழி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ ஆய்வில். தோலில் சிந்திய இடங்கள் பழுப்பானதையும் துணி நிறம் மாறாததையும் ஆய்வாளர் கண்டார். நிறம் மேலடுக்கோடு நின்றுவிடுவதால், அந்த அடுக்கு உதிர உதிர ஐந்து முதல் ஏழு நாட்களில் மங்கிவிடும். அதே காரணத்தால் வாடிக்கையாளர் திரும்பியும் வருவார். இந்தத் தொழிலின் வருமானம் பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

கருவியைப் பொறுத்தவரை, காற்றை விசையோடு தள்ளும் டர்பைனோடு கூடிய ஸ்பிரே கன், மடித்து வைக்கக்கூடிய கூடாரம், காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஆகிய மூன்றும் அடிப்படை. மூன்றாவதைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். டி.எச்.ஏ.வை வெளிப்புறச் சருமத்தில் பூச அனுமதிக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதை மூச்சில் இழுப்பதற்கும், உதடு, கண் முதலிய இடங்களில் படுவதற்கும் அனுமதி அளிக்கவில்லை. வாடிக்கையாளருக்கு மூக்கு வடிகட்டி, கண் கவசம், உதட்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு ஆகியவற்றைக் கொடுங்கள். நாள் முழுதும் அந்த மூடுபனியிலேயே நிற்கப்போகும் நீங்களும் முகக்கவசம் அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் மருத்துவரைக் கேட்டு வரச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: பயிற்சிக்காக என் அக்காவுக்கு ஸ்பிரே செய்தேன். மறுநாள் முழங்கையும் கணுக்காலும் கருத்து, கை ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கரைசல் தரமற்றதா?

பதில்: கரைசல்மீது பழி போடுவதற்கு முன் அதன் வலிமையைப் பாருங்கள். சலூன் கரைசல்களில் டி.எச்.ஏ. பொதுவாக 8 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். வெளிறிய சருமத்துக்கு 14 சதவீதத்தைத் தெளித்தால் ஆரஞ்சு வருவதில் வியப்பில்லை. அத்தகையவர்களுக்கு 8-இல் தொடங்கி, அடுத்த வருகையில் கூட்டுங்கள்.

முழங்கை, முழங்கால், கணுக்கால், விரல் மூட்டு ஆகிய இடங்களில் இறந்த தோல் தடித்திருப்பதால் அவை கரைசலைக் கூடுதலாக உறிஞ்சுகின்றன. தெளிப்பதற்கு முன் இவ்விடங்களில் தடுப்புக் க்ரீமை மிக மெல்லியதாகத் தடவுங்கள். உள்ளங்கையிலும் நகத்திலும் மட்டும் சற்றுத் தாராளமாகத் தடவலாம். ஸ்பிரே கன்னை உடலிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கை நிற்காமல், ஒரு பட்டையின் மீது அடுத்த பட்டை பாதியளவு படியும்படி நகர்த்துங்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பட்டையின் முடிவில் கையைத் திருப்பும் நொடியில் விசையை அழுத்தியபடியே இருப்பது. அங்கே ஒரு திட்டு விழுந்துவிடும். ஸ்பிரே கன்னில் வெறும் நீரை நிரப்பி, சுவரில் ஒட்டிய பழுப்புக் காகிதத்தில் ஒரு வாரம் பழகினால், எங்கே கை தடுமாறுகிறது என்று ஈரத்தடமே காட்டிக்கொடுக்கும்.

அக்கா அன்று டியோடரன்ட்டோ மாய்ஸ்சரைசரோ பூசியிருந்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள். முந்தைய நாளே சருமத்தைத் தேய்த்துக் குளித்து, முடி மழித்து, எதையும் பூசாமல் வரவேண்டும் என்ற குறிப்பை முன்பதிவின்போதே எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதிப் புகார்கள் எழாமலே போகும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்க முடியும்? கரைசல் எவ்வளவு செலவாகும்?

பதில்: தெளிக்க ஆவது பத்து, பதினைந்து நிமிடம்தான். ஆனால் பேசி நிறம் தேர்ந்தெடுப்பது, உலர்வது, கூடாரத்தையும் கன்னையும் கழுவுவது எல்லாம் சேர்ந்தால் ஒருவருக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டு கட்டணத்தைக் கணக்கிடுங்கள். ஒரு முழு உடலுக்கு ஏறத்தாழ 50 மில்லி கரைசல் என்றால், ஒரு லிட்டர் இருபது பேருக்கு வரவேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் வீணாவதைக் கழித்துப் பதினைந்து என்று எழுதுங்கள். திறந்த புட்டியில் டி.எச்.ஏ. நாளாக நாளாக வலுவிழக்கும் என்பதால், தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுப் பெரிய கேன்களை வாங்காமல், சிறு புட்டிகளாக வாங்கிக் குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். தொழில்சார் பொறுப்புக் காப்பீட்டையும், ஒவ்வாமை பற்றிக் கேட்கும் ஒப்புதல் படிவத்தையும் முதல் வாடிக்கையாளருக்கு முன்பே தயார் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பிரே டேன் செய்துகொண்டால் வெயிலில் தோல் கருகாது என்று விளம்பரம் செய்யலாமா?

பதில்: கூடாது. டி.எச்.ஏ. நிறம் தரும் பாதுகாப்பு மிக அற்பமானது. சன்ஸ்கிரீனுக்கு அது மாற்றாகாது. இதை விளம்பரத்தில் மறைக்காமல் சொல்வதோடு, தெளித்து முடித்ததும் கையில் கொடுக்கும் சீட்டிலும் அச்சிடுங்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, தளர்ந்த அடர்நிற உடை அணியவேண்டும், முதல் குளியலில் பழுப்பு நீர் வழிந்தால் அது கரைசலில் கலந்துள்ள மேற்பூச்சு நிறம் மட்டுமே என்பதால் அஞ்ச வேண்டியதில்லை என்ற மூன்றும் அதே சீட்டில் இருக்கட்டும். கடைசி வரியை மட்டும் சற்றுப் பெரிய எழுத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலை அது பற்றித் தொலைபேசி ஒலிக்கும்.