தண்ணீர் ரிப்போர்ட்டும் முக்குளிப்பானும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் குளத்தைச் சுற்றி நெல்வயல்கள். மருந்தடித்த வயல்களின் வடிகால் எல்லாம் குளத்தில்தான் வந்து விழுகிறது. போன வருஷம் நாங்கள் சிலர் காசு போட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று ஒரு தாள் வந்தது. தண்ணீர் நல்லதென்றால் மீனும் நல்லதுதானா? தோலையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுச் சமைத்தால் விஷம் போய்விடும் என்கிறாள் என் தங்கை. சரியா?

செந்தில்குமார், மன்னார்குடி

அன்புள்ள செந்தில்குமார்,

அந்தத் தாள் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. மீனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஒரு பெரிய ஏரி. அங்கே கொசு மாதிரி ஒரு பூச்சி. கடிக்காது, விளக்கைச் சுற்றி மொய்க்கும், அவ்வளவுதான். ஆனாலும் ஏரிக்கு வருகிறவர்களால் பொறுக்க முடியவில்லை. 1949இல் டிடிடி ஊற்றினார்கள். (நம் ஊரில் கொசுவுக்கு அடித்த டிடிடி இல்லை, அதன் பங்காளி. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்ய!) 7 கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து. பூச்சி திரும்பி வந்தது. 1954இல் 5 கோடிக்கு ஒரு பங்கு. 1957இல் மறுபடியும்.

அந்த ஏரியில் ஒரு வகை முக்குளிப்பான் உண்டு. நம் குளத்தில் தலை நீட்டி மறையும் குட்டி முக்குளிப்பானுக்கு உறவு, ஆனால் அன்னம்போல் நீண்ட வெள்ளைக் கழுத்து. ஜோடி சேரும் காலத்தில் இரண்டும் நிமிர்ந்து நின்று தண்ணீர்மேல் தடதடவென்று ஓடும். குஞ்சுகள் தாய் தகப்பன் முதுகில் ஏறிச் சவாரி போகும். 1954ஆம் வருஷக் குளிர்காலத்தில் நூற்றுக்கும் மேல் செத்து ஒதுங்கின. நோய் எதுவும் அகப்படவில்லை. பிறகு கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள்: 10 லட்சத்துக்கு 1,600 பங்கு மருந்து. ஏரியில் ஊற்றியதோ 10 லட்சத்துக்கு 0.02. எண்பதாயிரம் மடங்கு!

இந்த ரசாயனத்துக்குத் தண்ணீரில் கரையப் பிடிக்காது, கொழுப்பில்தான் கரையும். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் 10 லட்சத்துக்கு 5 பங்கு. அவற்றைத் தின்ற சிறுமீன், அதைத் தின்ற பெரிய மீன், மீனைத் தின்ற பறவை என்று ஏறிக்கொண்டே போனது. ஒரு கெளுத்தி வகையில் 2,500 பங்கு வரை இருந்தது. கடைசி முறை ஊற்றிய கொஞ்ச நாளிலேயே தண்ணீரில் மருந்து தென்படவில்லை. தண்ணீரை மட்டும் சோதித்திருந்தால் உங்களுக்கு வந்தது மாதிரியே ஒரு தாள் வந்திருக்கும். ஆயிரம் ஜோடி முக்குளிப்பான்கள் 1960இல் முப்பது ஜோடி அளவுக்கு வந்துவிட்டன.

உங்கள் தங்கை சொல்வது பாதி சரி. டிடிடி, பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி என்ற ரசாயனம் போன்றவை கொழுப்பில் தங்குகிறவை. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் கொஞ்சம் குறையும். பாதரசம் அப்படியில்லை, சதையிலேயே தங்கும். அதை எந்த அரிவாள்மனையாலும் நறுக்கி எடுக்க முடியாது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத பொருள்கள் செய்யப் பயன்பட்ட பிஎஃப்ஓஎஸ் என்ற ரசாயனம் இன்னொரு ரகம்: ரத்தத்திலும் ஈரலிலும் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். துருவக் கரடி, கடல்நாய் உடம்பில்கூட அது இருப்பதை 2001இல் ஜான் கீஸி என்ற விஞ்ஞானியும் தமிழரான விஞ்ஞானி கண்ணனும் எழுதினார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று வயலில் அடிக்கும் மருந்துகளில் பல, டிடிடி மாதிரி ஆண்டுக்கணக்கில் தங்குகிறவை இல்லை. அவை அடித்த கையோடு கொல்கிறவை. வாய்க்காலில் மீன் செத்து மிதப்பது அவற்றாலும் இருக்கலாம். அதனால் எல்லா மீனையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாசி தின்னும் சின்ன மீன்களில் பொதுவாக விஷம் சேர்வது குறைவு. மற்ற மீனைப் பிடித்துத் தின்று வருஷக்கணக்கில் வளர்ந்த விராலில்தான் கூடுதலாக இருக்க வாய்ப்பு.

அடுத்த முறை தண்ணீர் பாட்டிலோடு, குளத்திலேயே பெரிய விராலாக ஒன்றைப் பிடித்து, ஈரலும் கொழுப்பும் எடுக்காமல் முழுசாக ஐஸில் வைத்துக் கொடுங்கள். செலவு அதிகம் ஆகும். எதையெல்லாம் தேடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காததை ஆய்வகம் தேடாது.